பல்லைக் காட்டாத பல்பொடி

திருவள்ளூர் வட்டாரத்துச் சனங்கள் என் முகத்தின் அழகுக்காகத்தான் பல்பொடி வாங்குகிறார்கள் என்று ஏழு வயதில் நம்பிய முட்டாள் நான். அதோடு நின்றிருந்தால் குழந்தைத்தனம் என்று விட்டுவிடலாம். அடுத்த வருஷமே, என் பல்லைப் பார்த்துத்தான் அதே சனங்கள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள் என்றும் நம்பி, அதற்குப் பிறகு எந்தப் போட்டோவிலும் வாயைத் திறக்காமல், கல்யாணப் போட்டோவில்கூட உதட்டை ஒட்டவைத்துக்கொண்டு நின்று, மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லையோ என்று பெண் வீட்டாரைக் கலங்க வைத்தவன். இப்படிப்பட்ட ஆள் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு நெடி. பொரித்த படிகாரமும் கிராம்பும் சுக்கும் பச்சைக் கற்பூரமும் ஒரே உரலில் இடிபடும்போது எழும்பி, மூக்குக்குள் ஊசி விட்டு எடுக்கிற நெடி. பஜாருக்குப் பின்னால் ஒரு முட்டுச்சந்தில், ஓர் அறையும் ஒரு நடையுமாக இருந்த எங்கள் 'ஊட்டில்' அது சோற்றில் இருந்தது, தலையணையில் இருந்தது, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பில் மசாலாவை முந்திக்கொண்டு வந்து நின்றது. பள்ளிக்கூடத்தில் நான் போய் உட்கார்ந்ததும் வாத்தியார் மூக்கை உறிஞ்சி, எவனுக்குடா பல்வலி என்று கேட்பார். எனக்குத்தான் சார் என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வீட்டுக்கு அனுப்பப்பட்டு, நேராகக் கோலி விளையாடப் போய்விடுவேன். எங்கள் குடும்பத் தொழிலில் உடனடியாகப் பலன் கண்டவன் நான் ஒருவன்தான்.

தொழில், பல்பொடி. இடிப்பவர், சலிப்பவர், அடைப்பவர், தூக்கிக்கொண்டு போய் விற்பவர் எல்லாம் என் அப்பா. எங்களுக்குச் சொந்த ஊர் ஆர்.கே.பேட்டைப் பக்கம், ஆந்திரா எல்லை கூப்பிடு தூரம் என்பதால் அப்பாவை நாங்கள் 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். அங்கே பெரியப்பாவின் தலைமையில் கூட்டுக் குடும்பம். நைனாவுக்கு நிலத்தில் பங்கு இருந்தது, பேச்சில் பங்கு இல்லை. அம்மாவுக்கு இரண்டும் இல்லை. வீடு முழுக்க ஆக்கிப் போடுவது அம்மாதான் என்றாலும், குழம்புக்கு ஒரு பிடி புளி வேண்டுமானால் பெரியம்மாவின் இடுப்பில் தொங்குகிற சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பெரியம்மா அந்த நேரம் பார்த்துத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் நின்று நின்று பார்த்துவிட்டு அம்மா புளியே போடாமல் குழம்பு வைத்தாள். அந்தக் குழம்பில் தொடங்கிய சண்டை எங்களைத் திருவள்ளூரில் கொண்டுவந்து விட்டது.

பெரியப்பா கெட்டவர் அல்ல, தவணை கொடுத்துத்தான் அனுப்பினார். "போ. வர்ற ஆடிய உட்டுடு, அதுக்கு அடுத்த ஆடி அமாவாசை வரிக்கும் பாரு. நிக்கலேன்னா மூட்டையக் கட்டிக்கினு கழனிக்கு வந்து சேரு" என்றார். நைனா தலையாட்டினார். அம்மாவோ, திருவள்ளூருக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு பானை வாங்கி, அதன் கழுத்துவரை புளியை அடைத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பொடி விற்றாலும் விற்காவிட்டாலும் இந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுப் படி ஏறுவதாக இல்லை என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். ஆக, எங்கள் பல்பொடி விற்குமா விற்காதா என்பது பல் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, புளிப்பானை சம்பந்தப்பட்ட விஷயம் என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

ஏன் பல்பொடி என்று கேட்டால் நைனாவிடம் சரியான பதில் கிடையாது. சோறு தின்கிறவனுக்கெல்லாம் பல் இருக்கிறது, பல் இருக்கிறவனுக்கெல்லாம் பொடி வேண்டும் என்பது அவர் கணக்கு. மருந்து என்றால் கசக்க வேண்டும், சுத்தம் என்றால் வெளுப்பாக இருக்க வேண்டும் என்று முதலில் வெள்ளை வெளேரென்று, நாக்கில் பட்டால் காது சிவக்கிற மாதிரி ஒரு பொடி செய்து, 'வெண்முத்து பல்பொடி' என்று பெயரும் வைத்தார். அடுப்புக்கரியும் சாம்பலும் செங்கல் தூளும் சும்மா கிடைக்கிற ஊரில், வாயைக் கசக்க வைத்துக்கொள்ள எவன் பைசா கொடுப்பான்? வாங்கியவர்களும் என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் சந்து முனையில் ஒரு வீட்டு வாசலில் வெண்முத்து, புள்ளிக்கோலமாகக் கிடந்ததை நானே பார்த்தேன். கோலம் நன்றாகத்தான் வந்திருந்தது. நைனாவிடம் சொல்லவில்லை.

பிறகு அவர் காவியைக் கலந்து ரோஸ் நிறமாக்கி, கொஞ்சம் இனிப்பும் சேர்த்தார். வெண்முத்து என்கிற பெயரை மட்டும் மாற்றவில்லை. வெளுப்பது பல், பொடி அல்ல என்று விளக்கம் சொன்னார். பொடி விற்க ஆரம்பித்தது. திருவள்ளூர் சனங்களுக்குப் பல்லின் அருமை தெரிய ஆரம்பித்துவிட்டது என்று நைனா ராத்திரிச் சோற்றின்போது சொல்லுவார். அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிடுவோம். ஏனென்றால், பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பையன்கள் அந்தப் பொடியை உள்ளங்கையில் கொட்டி நக்கித் தின்பது எனக்குத் தெரியும். தொட்டுக்கொள்ள மாங்காய் இருந்தால் இன்னும் விசேஷம். மசக்கைக்காரப் பெண்கள், சாம்பலும் திருநீறும் தின்று அலுத்துப்போனவர்கள், எங்கள் பின்கதவில் வந்து தணிந்த குரலில் "அந்த ரோஸ் பொடி இருக்குதாக்கா" என்று கேட்டு வாங்கிப்போவது அம்மாவுக்குத் தெரியும். அம்மா தன் பங்குக்கு அதைப் போட்டுத்தான் குத்துவிளக்கு துலக்குவாள். தங்கம் மாதிரி மின்னும். பொடியைக் கண்டுபிடித்த நைனாவோ காலையில் சந்துமுனை வேப்பமரத்தில் ஒரு குச்சியை ஒடித்து மென்றுகொண்டு நிற்பார். வெண்முத்துவைப் பல்லில் தேய்த்தவர்கள் யார் என்று எனக்கு இன்றைக்குவரை தெரியாது.

டப்பா வந்தது அப்போதுதான். மதராசில் ஏதோ ஒரு மூக்குப்பொடிக் கம்பெனிக்காக ஒரு தகரக்காரர் செய்து வைத்த டப்பாக்கள். கம்பெனி படுத்துவிட்டதால் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். உள்ளங்கை அகலத்தில் உருண்டையாக, நாலு விரல் உயரத்தில் இருக்கும். மூடிதான் 'பேஜாரு'. மூக்குப்பொடியின் காரம் போகக்கூடாது என்று அப்படிச் செய்திருந்தார்களோ என்னவோ, நகத்தால் நெம்பினால் நகம் போகும், பல்லால் கடித்தால் பல் போகும். கரண்டிக் காம்பை விட்டு நெம்பினால்தான் 'டுப்'பென்று திறக்கும். பல்பொடி டப்பாவைத் திறக்கப் போய்ப் பல்லை உடைத்துக்கொள்ளப் போகிறார்களே என்று நைனா ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் விற்பார்.

டப்பாவுக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்குச் சிரிக்கிற முகம் வேண்டும். கைச்செலவில்லாமல் கிடைத்த முகம் என்னுடையது. தலைக்கு எண்ணெய் தடவி, கன்னத்தில் பவுடர் அப்பி, ஸ்டேஷன் ரோட்டு ஸ்டுடியோவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அதற்கு முந்தின நாள்தான் என் முன்பல் இரண்டும் கொய்யாக்காயில் மாட்டி விழுந்திருந்தன. நான் ஈ என்று காட்டியதும் ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, "யோவ், வாய மூடச் சொல்லுய்யா. இத்தப் பாத்தா இருக்கற பல்லும் பூடும்னு நெனப்பான்" என்றார். ஆகவே, பல்பொடி டப்பாவில் பல்லைக் காட்டாத பையன் என்கிற அதிசயம் திருவள்ளூரில் நடந்தது. உதட்டை இறுக்கி, கண்ணை உருட்டி, ஏதோ திருடித் தின்றுவிட்டு ஒளிப்பவன் மாதிரி நான் டப்பா டப்பாவாக அடுக்கப்பட்டேன்.

விற்பனை ஏறியது. ரோஸ் பொடி காகிதப் பொட்டலத்தில் போன வேகத்தைவிட டப்பாவில் வேகமாகப் போயிற்று. இரண்டுக்கும் நடுவில் புதிதாக வந்தது என்ன என்று யோசித்தேன். என் முகம்! அதற்குப் பிறகு பஜாரில் நடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்து மெதுவாக நடக்க ஆரம்பித்தேன்.

அமாவாசைக்கு அமாவாசை பெருமாள் கோயில் குளத்துக்கு வருகிற கூட்டத்தை அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நோய்நொடி கரைய வேண்டும் என்று குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். வெல்லமும் உப்பு மிளகும் விற்கிற கடைகள் வரிசையாக முளைக்கும். அந்த வரிசையின் கடைசியில், குளத்துப் படிக்கட்டை ஒட்டி நைனா சாக்கை விரித்து டப்பாக்களை அடுக்குவார். பக்கத்தில் அசல் முகமாக என்னை உட்காரவைப்பார். டப்பாவில் இருப்பது போலவே வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் என்பது உத்தரவு. தலைமுறை தலைமுறையாகப் பேசிப் பழகிய வாய் எங்கள் வீட்டு வாய். எவ்வளவு கஷ்டம் பாருங்கள்.

அங்கேதான் கன்னியம்மா வந்தாள். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரி, கருவாட்டு வியாபாரம். மற்ற நாளில் கூடையோடு சந்தைக்கு வருகிறவள், அமாவாசையில் கருவாடு வாங்க ஆள் இல்லாததால் அன்றைக்குக் கூடையில்லாமல், புருஷனின் முட்டி வலிக்காக வெல்லம் கரைக்க வருவாள். புருஷன் ஏரியில் வலை வீசுகிறவர். வந்தவள் என்னையும் டப்பாவையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாடா டப்பா மூஞ்சி, சிரிக்கறதுக்குக் காசு கேப்பியா?" என்றாள். நான் உத்தரவுப்படி உட்கார்ந்திருந்தேன். அவள் ஒரு டப்பாவை எடுத்தாள். மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். காதருகே வைத்துக் குலுக்கினாள். பிறகு விறுவிறுவென்று படியில் இறங்கி, டப்பாவைக் குளத்துத் தண்ணீரில் முழுசாக முக்கி, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே எடுத்தாள். லேபிள் கழன்று என் முகம் தண்ணீரில் மிதந்து போயிற்று. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முந்தானையால் டப்பாவைத் துடைத்துக்கொண்டு மேலே வந்து, முந்தானை கொள்ளும் மட்டும் டப்பாக்களை வாங்கி முடிந்துகொண்டு போனாள்.

நைனா அவள் போன திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நோய் தீர்க்கிற குளத்தில் பல்பொடியை நனைத்துத் தீர்த்தம் சேர்த்துக்கொண்டு போகிறாள் ஒருத்தி. இந்த யோசனை இத்தனை நாள் நமக்கு வரவில்லையே என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மாய்ந்து போனார். "கடலோரத்து சனம்னா சும்மாவா? பக்தின்னா அது பக்தி." எனக்கு அவள் என் முகத்தைக் குளத்தில் விட்டதுதான் உறுத்தியது, யோசித்து யோசித்து, பெருமாளுக்குக் காணிக்கையாக விட்டிருக்கிறாள் என்று முடிவு செய்து சமாதானமானேன்.

அடுத்த அமாவாசை முதல் நைனா புது வழியில் இறங்கினார். கூட்டம் சேர்ந்ததும் ஒரு டப்பாவைத் தூக்கிக் காட்டி, நாலு படி இறங்கி, குளத்தில் முக்கி எடுத்து, சொட்டச் சொட்ட மேலே கொண்டுவந்து, கரண்டிக் காம்பால் மூடியை நெம்பி, உள்ளே ரோஸ் பொடி பொலபொலவென்று இருப்பதைக் காட்டி, "தீர்த்தம் பட்ட பல்பொடி" என்று குரல் கொடுப்பார். சனங்கள் எட்டிப் பார்ப்பார்கள், அதிசயமாகத் தலையாட்டுவார்கள், வாங்குவார்கள். முக்கி எடுத்த டப்பாக்களில் ஒட்டியிருந்த லேபிள் வெயிலில் சுருங்கிக் காய்ந்ததால் ஏழு வயதிலேயே எனக்குக் கிழவன் முகம் வந்துவிட்டது. அப்படியும் வாங்கினார்கள் என்றால் என் அழகை என்னவென்று சொல்வது? கன்னியம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் தானே படியிறங்கித் தன் கையால் ஒன்றை முக்கிப் பார்த்த பிறகுதான் மற்றதை வாங்குவாள். நைனாவின் தீர்த்தத்தை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. நம்பிக்கை அவரவர் கையால் வர வேண்டும் என்று நைனா அதற்கும் ஒரு மரியாதை கொடுத்தார்.

தவணை ஆடி நெருங்கும்போது பெரியப்பா குடையும் கையுமாக வந்து இறங்கினார். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொடியைவிட டப்பாவுக்குச் செலவு அதிகம் என்பது அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. "டப்பாவையாடா பல்லுல தேக்கிறானுங்க? பொடி தீந்ததும் தூக்கிப் போடுற தகரத்துக்கு இவ்ளோ டப்பு அழுவறியே. காயிதத்துல மடிச்சிக் குடு, மிஞ்சும்." அம்மா பெரியப்பா எதிரில் பேச மாட்டாள், கதவுக்குப் பின்னால் நின்று, அதையும் என்னிடம் சொல்வது போலத்தான் சொல்வாள். "டேய், நல்லா போய்க்கினு கீற வண்டிக்கு எதுக்குச் சக்கரத்த மாத்தணும்னு கேளுடா." நான் கேட்டேன். பெரியப்பா எனக்கு ஒரு கடலை உருண்டை கொடுத்தார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

சக்கரத்தை மாற்றினோம். பளபளப்பான காகித உறை. அதில் புதுப் போட்டோ. இதற்குள் எனக்கு முன்பல் இரண்டும் முளைத்திருந்தன. முளைத்தது என்று சொல்வது போதாது, இரண்டு மண்வெட்டிகளைச் சாய்த்து வைத்த மாதிரி இருந்தன. இப்போது சிரிக்கச் சொன்னார்கள். ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பையெல்லாம் சேர்த்து, காதுவரை சிரித்தேன்.

ஆடி அமாவாசைக் கூட்டத்தில் மண்ணைப் போட்டால் மண் கீழே விழாது. நைனா உறைகளைக் கோபுரமாக அடுக்கினார். அம்மாவும் வந்து பின்னால் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு விற்பதைப் பார்த்துவிட்டு ஒரு முடிவு சொல்வதாகப் பெரியப்பா எதிரில் வெல்லக் கடை நிழலில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். வந்தவர்கள் பார்த்தார்கள், எடுத்தார்கள், வைத்தார்கள். வைத்துவிட்டு நகர்ந்தார்கள். வெயில் ஏறியது, கோபுரம் இறங்கவில்லை. கன்னியம்மா வந்தாள். அவளைப் பார்த்ததும் நைனாவுக்கு உயிர் வந்தது. அவள் ஓர் உறையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள், என் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "பல்லு மொளச்சிட்சா" என்றாள். பிறகு நைனாவிடம், பழசு இல்லையா என்று கேட்டாள். உள்ளே அதே சரக்குதான் தாயி என்று நைனா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அவள் உறையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெல்லம் வாங்கப் போய்விட்டாள்.

 நைனா கையில் அகப்பட்ட உறையைத் தூக்கிக்கொண்டு, "தீர்த்தம் பட்ட பல்பொடி" என்று குரல் கொடுத்தபடி பழைய பழக்கத்தில் நாலு படி இறங்கி, அதைக் குளத்தில் முக்கிவிட்டார். அம்மா எழுந்தாள், அதற்குள் ஆகிவிட்டது. வெளியே எடுத்தபோது கையில் கிழிந்த காகிதமும் அதில் என் பல்லும்தான் இருந்தன. முழங்கை வழியாக ரோஸ் தண்ணீர் வழிந்தது. குளத்தில் ரோஸ் நிறம் மெல்லப் பரவி, தர்ப்பணம் செய்துகொண்டிருந்தவர்களின் இடுப்பைச் சுற்றிக்கொண்டது. திட்டினார்கள். படிக்கட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நைனாவும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. எதிர்ப்பக்கம் பெரியப்பா குடையை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். வெற்றி பெற்றவர் மாதிரியும் இல்லை, பாவம்.

அன்று தொடங்கிய குழப்பம் எங்கள் வீட்டில் தீரவே இல்லை. அதே பொடி, அதே உரல், அதே ஆள். நேற்றுவரை வாங்கியவன் இன்றைக்கு ஏன் வாங்கவில்லை? தீர்த்தம் ஏறாத பண்டத்தைச் சனங்கள் தொட மாட்டார்கள் என்றார் நைனா. காகிதத்தில் கற்பூர வாசனை நிற்கவில்லை என்றும் ஒருநாள் சொன்னார். மறுநாள் முதல் காரணத்துக்கே திரும்பினார். அம்மா வேறு கட்சி. இந்த வருஷம் ஊரில் எவளும் முழுகாமல் இல்லை, அதுதான் விஷயம் என்றாள். பிறகு சந்திலேயே மூன்று வீட்டில் வளைகாப்பு வந்ததும் அதை விட்டுவிட்டாள். பெயரில் ராசி இல்லை, வெண்முத்து என்று பெயர் வைத்து ரோஸ் பொடி கொடுத்தால் சாமிக்கே பொறுக்காது என்று பெரியப்பா ஊரிலிருந்து சொல்லியனுப்பினார். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். வாயை மூடியிருந்தவரை விற்றது. வாயைத் திறந்தேன், போயிற்று. டப்பாவுக்குத் திரும்பலாம் என்றால் தகரக்காரரிடம் சரக்கு தீர்ந்துவிட்டிருந்தது. அது பெரிய இழப்பு என்று யாரும் நினைக்கவும் இல்லை.

ஆனாலும் அம்மா அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு ஆர்.கே.பேட்டைப் படி ஏறவில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் ஷெட்டுகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு விடிகாலை நைனாவை எழுப்பி, நீராகாரம் கொடுத்து அனுப்பிவைத்தாள். பேக்கிங் செக்ஷனில் வேலை. யாரோ செய்த சாமானை, யாரோ அடித்த பெட்டியில், யாருக்கோ அடைத்து அனுப்புகிற வேலை. இது எதற்காக விற்கிறது, யார் வாங்குகிறார்கள் என்று யோசிக்க வேண்டியதில்லை என்பதே அவருக்கு நிம்மதியாக இருந்தது. அங்கே லைன் வீட்டில் புளிப்பானை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. கடைசிவரை யார் சாவியையும் பார்த்து அம்மா நிற்கவில்லை. நைனா மட்டும் அமாவாசை வந்தால் காரணமில்லாமல் விடியற்காலையில் எழுந்து, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்.

நான் படித்துக் கிழித்ததற்குக் கும்மிடிப்பூண்டியிலேயே மளிகைக்கடை வைத்தேன். வாங்குகிறவர்களின் மனசைப் பல்பொடிக் காலத்திலேயே கரைத்துக் குடித்தவன் என்கிற எண்ணம். இன்னும் விளங்கவில்லை. சோப்பின் உறை தன் கட்சிக் கொடியின் நிறத்தில் இருக்கிறது என்று அதையே வாங்கினவர் இருக்கிறார். ஸ்பூன் இலவசம் என்று டீத்தூள் வாங்கிப்போய், டீத்தூளை மாமியாருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி வந்து ஸ்பூனுக்கு நின்றவர் இருக்கிறார். எது நல்லது அண்ணாச்சி என்று என்னைக் கேட்டுவிட்டு, நான் சொல்வதைத் தவிர மற்றதை வாங்குகிறவர்கள்தான் பாதிப்பேர். ஒவ்வொருவர் போனதும், ஏன், ஏன் என்று நைனா மாதிரியே வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

போன தை மாசம் பேத்தி இறால் வேண்டும் என்றாள் என்று பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். ஏலம் போடுகிற இடத்தில், நண்டுக் கூடைக்கு முன்னால் ஒரு கிழவி உட்கார்ந்து பேரம் பேசிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். கிட்டப் போய்த் திருவள்ளூர், குளத்துப் படிக்கட்டு, ரோஸ் பல்பொடி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். "டப்பா மூஞ்சியா?" என்றாள். நைனா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள், போய்விட்டார் என்றேன். அவள் புருஷனும் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகியிருந்தது.

இப்போது அந்த முட்டுச்சந்து இல்லை, ஸ்டுடியோ இல்லை, வேப்பமரம் இருந்த இடத்தில் செல்போன் கடை. என் அழகு முகத்தோடு ஊரெல்லாம் போன டப்பாக்களில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. என் கடையில் இருப்பதெல்லாம் கிழித்துப் போடுகிற பாக்கெட்டுகள். எல்லாம் போனாலும் அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. ஆகவே நண்டுக் கூடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, நைனாவின் தீர்த்தம், அம்மாவின் மசக்கை, பெரியப்பாவின் ராசி, என் பல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னேன். நீங்கள் அன்றைக்கு எங்கள் பல்பொடியைக் குளத்தில் முக்கி எடுத்தது பக்தியால்தானே, தீர்த்தம் இல்லாததால்தானே உறையை வாங்காமல் போனீர்கள், இல்லை என் பல்தான் காரணமா, எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள் அக்கா என்றேன். பேத்தி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னியம்மா ஒரு நண்டின் காலைக் கயிற்றால் கட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"டப்பாக்குள்ள தண்ணி பூருதான்னு பாத்தேன், ஏரில ஆம்பளைங்க பீடி நமுத்துப் பூடும்ல."